ஒற்றைப் புள்ளி

கால்பந்தில் கோப்பைப் போட்டி வேறு, லீக் வேறு. கோப்பைப் போட்டியில் ஒரு நல்ல நாள் ஓர் எளிய அணியையும் உயர்த்திவிடும். லீக்கிலோ ஒவ்வோர் அணியையும் சொந்த மண்ணில் ஒருமுறையும் அயல் மண்ணில் ஒருமுறையும் எதிர்கொள்ள வேண்டும். வென்றால் மூன்று புள்ளிகள். சமன் செய்தால் ஒன்று. நடுகள வீரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஓடும் தொலைவு 10 முதல் 12 கிலோமீட்டர் வரை இருக்கும். திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மலையை வலம்வருவோர் இளைப்பாறி, இளநீர் பருகி, இரவெல்லாம் நடக்கின்றனர். வீரரோ ஏறக்குறைய அத்தொலைவை 90 நிமிடங்களில் கடக்கிறார். அதுவும் பந்தையும் எதிராளியையும் கண்காணித்துக்கொண்டே. 11 அணிகள் ஆடிய 2018-19 ஐ-லீக் பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் இத்தகைய ஆட்டங்கள் இருபது.

அப்பருவத்தில் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைச் சொந்தக் களமாகக் கொண்டு ஆடியது சென்னை சிட்டி அணி. முந்தைய பருவத்தில் பத்து அணிகளுள் எட்டாமிடம் பெற்றிருந்த அவ்வணியைப் பெரிதாக மதித்தவர் எவருமிலர். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுவித்தார். ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி, நெஸ்தர், சாண்ட்ரோ ஆகியோருடன் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் முதலிய தமிழக இளைஞர்களும் களமிறங்கினர். வெளிநாட்டு வீரர்கள் கோல் அடிக்க, உள்ளூரார் துணைநிற்பதே பல இந்திய அணிகளின் வழக்கம். இங்கோ பந்து எல்லார் காலிலும் சுழன்றது. தடுப்பதைக் காட்டிலும் தாக்குவதையே அவ்வணி விரும்பியது. ஆகவே கோல்களை வாங்கவும் செய்தது. முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என வென்றது. அதில் மான்சி மட்டும் மூன்று கோல்கள் அடித்தார். பருவ முடிவில் அவர் கணக்கு 21.

பட்டம் எளிதாகக் கைகூடியிருக்க வேண்டும். ஆனால் இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றதால் அது தள்ளிப்போயிற்று. கடைசிச் சுற்று தொடங்கும்போது சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிடம் 39. இரண்டும் 2019 மார்ச் 9 அன்று ஒரே நேரத்தில் ஆட வேண்டும். கோயம்புத்தூரில் எதிரணி, முந்தைய ஆண்டின் வெற்றியாளரான மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்குக் கோகுலம் கேரளா.

ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் மினர்வா கோல் அடித்தது. இடைவேளை வரை அந்நிலை மாறவில்லை. சமன் செய்தாலும் போதாது. ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் 42 புள்ளிகளோடு பட்டத்தைக் கொண்டுபோய்விடும். 56ஆம் நிமிடத்தில் கிடைத்த தண்ட உதையை மான்சி கோலாக்கினார். பதின்மூன்று நிமிடங்கள் கழித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர் கௌரவ் போரா. கோல் அடிப்பதற்கென அறியப்பட்டவர் அல்லர் அவர். கோழிக்கோட்டில் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்காலும் மீண்டெழுந்து 2-1 என வென்றது. ஆகவே கோவையில் ஒரே ஒரு கோல் திரும்பியிருந்தாலும் பட்டம் பறிபோயிருக்கும். கூடுதல் நேரத்தில் போராவே மீண்டும் ஒரு கோல் அடித்த பின்னர்தான் அரங்கம் மூச்சுவிட்டது.

பதின்மூன்று வெற்றி, நான்கு சமன், மூன்று தோல்வி: 43 புள்ளிகள். ஐ-லீக் பட்டத்தை வென்ற முதல் தமிழக அணி அது.

பட்டம் வென்ற அணி நெடுநாள் ஒன்றாயிருக்கவில்லை. எட்வின் அவ்வாண்டே சென்னையின் எப்.சி.யில் சேர்ந்தார், மான்சி ஜப்பானுக்குச் சென்றார், ரொமாரியோ கோவா அணிக்குப் போனார். சில ஆண்டுகளுக்குள் சென்னை சிட்டியின் பெயரே ஐ-லீக் பட்டியலிலிருந்து மறைந்தது. அன்று மாலை ஆடிய வீரர்கள் பலர் மட்டும் வேறு வேறு நிறச் சட்டைகளில் தொடர்ந்து ஆடினார்கள்.