சாதி நாயா, தெரு நாயா?

ஒக்கலிபுரத்தில் நாயுடன் உலவுவோரை எதிர்ப்படுவோர் முதற்கண் வினவுவது ஒன்றே: "சாதி நாயா, தெரு நாயா?" கன்னட அன்பரும் 'ஜாதி நாயி' என்றே கேட்பர். காவிரி நீரைப் பகிர்ந்துகொள்வதில் உடன்படாத இரு மொழியினரும் இந்த ஒரு சொல்லில் முற்றும் உடன்பட்டிருப்பதை எண்ணி யாம் நகைத்ததுண்டு.

எம் மணி தெரு நாய். இரயில் பாதையின் கீழுள்ள வழியருகே மழையில் நனைந்து கிடந்த குட்டியை எம் தமையனார் சட்டைக்குள் வைத்துக் கொணர்ந்தார். அதற்கு ஒரு செவி நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். பாட்டியார் மூன்று நாள் அதனை வாயிற்படி தாண்ட விடவில்லை. நான்காம் இரவு இடி இடித்தது. விடிந்து பார்க்கையில், அது பாட்டியாரின் பாயோரத்தில் உறங்கிக் கொண்டிருந்தது! உள்ளே அழைத்தவர் யாரென்பதை இன்றுவரை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மணி இரு மொழி அறியும். எம் வீட்டார் "வா" என்பர். எதிர் வீட்டுக் கன்னட அக்கா "பா" என்பார். இரண்டுக்கும் அது வாலாட்டி ஓடும். மொழிநூல் பயில்வோர்க்கு இதில் வியப்பில்லை. தமிழ்ச் சொல்லின் முதலில் நிற்கும் வகரம் கன்னடத்தில் பெரும்பாலும் பகரமாகும்: வேர் 'பேரு', வில் 'பில்லு'. நம் பகரமோ அங்கே ஹகரமாகும்: பால் 'ஹாலு', புலி 'ஹுலி'. பழங்கன்னடத்தில் அவையும் பகரமாகவே இருந்தன. பூனையைக் கன்னடர் 'பெக்கு' என்கையில் அஃது அயற்சொல்லெனத் தோன்றும். ஆயின் சங்கப் பாடல்களில் வரும் 'வெருகு' என்னும் காட்டுப் பூனையின் பெயர்க்கு அஃது உறவுச் சொல்லே. நாம் மறந்த பெயரை அவர்கள் அடுக்களையில் வைத்து வளர்க்கின்றனர்.

இவ்வுறவை அறியாதாரும் உளர். 2016 செப்டம்பர் 12-ஆம் நாள் காவிரியின் பெயரால் இந்நகரில் பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. பல பகுதிகளில் ஊரடங்கு வந்தது. அப்போது யாம் ஐந்தாம் வகுப்பில் பயின்றோம். அன்று மாலை மணி தெருவில் நின்றது. "வா என்று கூவாதே" என்றார் தந்தையார், தாழ்ந்த குரலில். அக்குரலை அதற்கு முன் அவரிடம் யாம் கேட்டதில்லை. "பா" என்றோம், மணி வந்தது. அதற்கு வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. எமக்குத் தெரிந்தது.

பள்ளி மீண்டும் திறந்த பின் உடன் பயின்ற ஒருவன் எம்மைக் 'கொங்கன்' என்றான். கொங்கு நாட்டார்க்குரிய பழைய, மதிப்பான பெயர் இங்கே தமிழரை இகழும் சொல்லாகிவிட்டது. "உன் ஊர் எது?" என்ற வினாவும் அடிக்கடி வரும். "ஒக்கலிபுரம்" என்போம். "அதுவன்று, சொந்த ஊர்?" பாட்டனார் 1958-ல் மில் வேலைக்காக வட ஆர்க்காட்டை விட்டு வந்தவர், எம் தந்தையாரே இங்குப் பிறந்தவர். விடுமுறையில் வேலூருக்குச் சென்றால், அங்குள்ள உறவினர் பிள்ளைகள் எம் பேச்சைக் கேட்டு, "கன்னடக்காரர் வந்துவிட்டார்" என்று சிரிப்பர். அதில் பகையில்லை, ஆயினும் சிரிப்பு சிரிப்பே.

நம்மவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எம் தெருவில் மேல்மாடியை வாடகைக்கு விடும் தமிழர் சிலர், குடிவர விரும்புவோரிடம் வாடகையைச் சொல்லுமுன் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்பதை யாம் காதாரக் கேட்டுள்ளோம். நாயிடம் தொடங்கிய வினா மாடிப்படியும் ஏறிவிடுகிறது. விடை பிடிக்காவிடில், "வீடு முன்னரே பேசியாயிற்று" என்பர். பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

2005 சனவரி 9-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டது. கருநாடகத்தின் முதோளும் தமிழகத்தின் இராசபாளையமும் அவற்றுள் இருந்தன. இரண்டும் நல்ல இனங்களே. ஆயினும் அவ்வரிசையில் மணிக்கு இடமில்லை. அதற்கு இடம் தந்தது சட்டம். 2023-ஆம் ஆண்டின் விதிகள் தெரு நாயைச் 'சமூக விலங்கு' என்கின்றன. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அவற்றின் முறை. பள்ளி, மருத்துவமனை, இரயில் நிலையம் முதலிய வளாகங்களில் பிடித்தவற்றை மீண்டும் அங்கே விடலாகாது என 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நாய்க்கடியால் துன்புறும் குழந்தைகளை எண்ணுகையில் அக்கவலையும் தள்ளத்தக்கதன்று. எனினும், நாய்க்கு அது திரியும் தெருவே ஊர் என்று ஏட்டில் எழுதியவரை யாம் மனத்துள் வணங்கினோம். அவர் பாட்டனாரின் மாவட்டத்தைக் கேட்கவில்லை.

சென்ற திங்கள் மணியைத் தடுப்பூசிக்குக் கொண்டு சென்றோம். அட்டையில் இனம் என்னுமிடத்தில் 'நாட்டு நாய்' என்றும், ஊர் என்னுமிடத்தில் 'ஒக்கலிபுரம்' என்றும் மருத்துவர் எழுதினார். மேற்கொண்டு ஒன்றும் வினவவில்லை. அவ்வட்டையைப் பாட்டியார் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்.