அரை மில்லிமீட்டர் வேலை

மூச்சை இழுத்து, பாதி விட்டு, மீதியை அடக்கிக்கொள்கிறார் அவர். அந்த இடைவெளியில்தான் கை அசையாது. ட்வீசர் முனையில் இருப்பது ஒரு கெபாசிடர். நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அதில் பாதி. தும்மினால் போச்சு. மொசைக் தரையில் விழுந்ததைத் தேடி எடுத்தாலும் பயனில்லை. அதன் உடம்பில் ஒரு எழுத்தும் கிடையாது. மதிப்பு என்ன என்று மீட்டரைத்தான் கேட்க வேண்டும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளின் இரைச்சலுக்கு மேலே, மாடியில் ஒரு சின்ன அறை. சொந்தமாகக் கருவி வடிவமைக்கும் இளைஞர்கள் இரண்டு போர்டு, மூன்று போர்டு என்று எடுத்துக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். ஆயிரக்கணக்கில் என்றால் இயந்திரம் செய்துவிடும். மூன்று போர்டுக்காக அந்த இயந்திரத்தைத் தயார்செய்யும் நேரத்தில் இவர் வேலையை முடித்துக் கையும் கழுவியிருப்பார்.

1991இல் 19 வயதில் ஒரு தொழிற்சாலையின் கன்வேயர் முன்னால் உட்கார்ந்தவர். அன்றைய சிப்புகளுக்குப் பூரான் மாதிரி கால்கள். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே 2.54 மில்லிமீட்டர். துளையில் நுழைத்து, பின்பக்கம் திருப்பி, ஈயத்தை வைத்தால் முடிந்தது. பிறகு துளைகள் போயின. கால்கள் நெருங்கி நெருங்கி அரை மில்லிமீட்டர் இடைவெளிக்கு வந்தன. சில சிப்புகளில் கால்களே இல்லை. எல்லாம் வயிற்றுக்கு அடியில். தொழிற்சாலை மூடியபோது கையில் இருந்தது இந்த ஒரு வித்தைதான்.

அதற்கும் வந்தது சோதனை. 43 வயதில் வெள்ளெழுத்து. ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் பூதக்கண்ணாடியோடு சமாளித்தார். கண் போனால் சோறு போச்சு என்ற பயம். கடைசியில் வளையலை அடகு வைத்துப் பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றை வாங்கினார். முதல் நாள் அதில் தன் கையைப் பார்த்து அதிர்ந்துபோனார். பூகம்பம் போல நடுங்கியது ட்வீசர். எல்லோர் கையும் நடுங்கத்தான் செய்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. மணிக்கட்டை மேஜையில் ஊன்றி, சுண்டுவிரலை போர்டின் ஓரத்தில் அணைத்துக்கொண்டால் நடுக்கம் விரல் நுனியோடு நின்றுவிடும் என்று கண்டுகொள்ள ஒரு மாதம் பிடித்தது. காலையில் காபியை விட்டார். காபிக்குப் பெயர்போன ஊரில் இது சாதாரணத் தியாகம் அல்ல.

“ஈயம் அல்ல, ஃப்ளக்ஸ்தான் வேலை செய்கிறது” என்கிறார். காசைச் செலவழித்து விதவிதமான இரும்புகள் வாங்குபவர்கள் ஃப்ளக்ஸில்தான் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள் என்பது அவருடைய நீண்டநாள் புகார். உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை அது தின்றுவிட்டால், உருகிய ஈயம் தானாகவே காலைப் பிடித்துக்கொள்ளும், பச்சைப் பூச்சைத் தொடாமல் விலகும். இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டால் பின்னிய செம்புக் கம்பியால் ஒற்றி எடுக்கலாம். 2006 ஜூலையில் ஐரோப்பா ஈயத்துக்குத் தடை போட்ட பிறகு, ஏற்றுமதிச் சரக்குக்கு ஈயம் கலக்காத கலவை வந்தது. அது உருக 217 டிகிரி வேண்டும். பழைய கலவைக்கு 183 போதும். மாதிரி போர்டுகளுக்கு அவர் கை பழையதைத்தான் நாடுகிறது. அதனாலேயே சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அந்த அறையில் யாரும் டிபன் டப்பாவைத் திறக்க முடியாது. எழும் புகை ஈயத்தினுடையது அல்ல, ஃப்ளக்ஸினுடையது. அதுவும் மூச்சுக்குழாய்க்குப் பகைதான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி ஒன்று அதை ஜன்னல் பக்கம் தள்ளுகிறது.

2021. உலகம் முழுக்க சிப்புக்குத் தட்டுப்பாடு. ஒரு பிற்பகலில் தாடி வைத்த இளைஞர் ஒருவர் மாடியேறி வந்தார். மறுநாள் காலை முதலீட்டாளர் ஒருவருக்குக் கருவியைக் காட்ட வேண்டும். இருந்தது இரண்டே சிப், 48 முனைகள், எல்லாம் அடிவயிற்றில். ஒன்றைத் தானே பற்றவைக்கப் பார்த்தாராம். மின்சாரம் கொடுத்ததும் சூடேறிச் செத்துவிட்டது. “என் கை சரியில்லை மேடம். இதுதான் கடைசி. இனி ஒரு வருஷத்துக்குக் கிடைக்காது.”

சிப்பை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தார். எதிரெதிர் மூலைகளில் இரண்டு வட்டங்கள். ஒன்று பெரிய பள்ளம், மற்றது சின்னப் புள்ளி.

“முதல் முனை எதுப்பா?”

“பெரிசுதான் மேடம்.”

“பெரிசு அச்சிலிருந்து தள்ளிய தடமாக இருக்கும். டேட்டாஷீட்டைத் திற.”

செல்போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவரின் முகம் மாறியது. சின்னதுதான். பையிலிருந்து பழைய போர்டை வாங்கிப் பார்த்தார் அவர். “உன் கைக்கு ஒன்றும் குறைவில்லை. சால்டர் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. சிப் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது.”

மற்றது 20 நிமிட வேலை. போர்டின் தடங்களில் மெல்லிய ஈயப் பூச்சு. நடுவில் உள்ள பெரிய சதுரத்தில் இன்னும் குறைவாக. அங்கே கூடினால் சிப் தெப்பம் போல மிதந்து, ஓர முனைகள் தொடாமல் நின்றுவிடும். ஃப்ளக்ஸைத் தடவி, சிப்பை வைத்து, மேலிருந்து சூடான காற்று. ஈயம் உருகும் கணத்தில் சிப் லேசாகத் தாழ்ந்து, தானே நகர்ந்து இடத்தில் உட்கார்ந்தது. ட்வீசரால் ஓரத்தை இம்மி தள்ளினார். திரும்பி வந்தது. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை அது. முப்பது வருஷம் பார்த்தும் அந்தத் திரும்பி வருதல் அவருக்கு அலுக்கவில்லை.

மீட்டரை வைத்து அடுத்தடுத்த முனைகளைத் தொட்டுப் பார்த்தார். எங்கும் ஷார்ட் இல்லை. மின்சாரத்துக்கு அளவுக் கட்டுப்பாடு வைத்து ஸ்விட்சைப் போட்டார்கள். சிப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். சூடில்லை. இளைஞரின் லேப்டாப் கருவியை அடையாளம் கண்டுகொண்டது. அவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைய முதல் காபி வந்தது, இரண்டு டம்ளரில்.

கூலியோடு அந்தப் பழைய போர்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வேலை பழக வரும் பெண்களுக்கு அவர் முதலில் கொடுப்பது அதைத்தான். எத்தனையோ முறை கழற்றி மாட்டியாகிவிட்டது. மேலே இருந்த எழுத்துகள் தேய்ந்துவிட்டன. மூலையில் அந்தச் சின்னப் புள்ளி மட்டும் இன்னும் தெரிகிறது.