இறங்கும் வாசலில் அப்பா

காலை நிகழ்ச்சியில் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, “இன்று பிற்பகல் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்” என்று நான் சொல்லும்போது நேயர்கள் குடையைத் தேடுவார்கள். என் மனமோ செந்தோசாவுக்குப் போய்விடும். இரண்டு மணிக்கு மழை என்றால் ஒரு மணிக்குள் ரோலர்கோஸ்டரை முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கூரைக்குக் கீழே இருக்கும் சவாரிகள் என்று ஒரு கணக்கு தானாக ஓடும்.

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர் 2010 மார்ச்சில் முதன்முதலாகக் கதவு திறந்தபோது நான் கல்லூரி மாணவி. அன்றிலிருந்து எத்தனை முறை போயிருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. வருடாந்திர நுழைவுச்சீட்டு வாங்கிய ஆண்டுகளில், வேலை முடிந்து நேராக அங்கே போய் இரண்டு சவாரி ஏறிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த நாள்களும் உண்டு. “ஒரே இடத்துக்கு எத்தனை தடவைதான் போவே?” என்று அம்மா கேட்பார். பலமுறை போனால்தான் சில விஷயங்கள் பிடிபடும் என்பேன்.

நாள் பார்த்துப் போகணும்

முதலில் பிடிபட்டது நாள்காட்டி. நம் ஜூன் விடுமுறையையும் ஆண்டிறுதி விடுமுறையையும் எல்லாரும் தவிர்ப்பார்கள். ஆனால் மலேசியப் பள்ளி விடுமுறையையும் பார்க்க வேண்டும். ஜோகூரில் 2014 முதல் 2024 முடியும்வரை வார இறுதி என்றால் வெள்ளியும் சனியும். அது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போய், “இன்னைக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?” என்று விழித்தேன். 2025 தொடக்கத்தில் அங்கேயும் சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் தமிழகத்தில் கோடை விடுமுறை. அப்போது வரிசையில் முன்னும் பின்னும் சென்னைத் தமிழும் கோவைத் தமிழும் கேட்கும். காத்திருப்பது நீளும், பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது.

விவோசிட்டி மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ஏறினால் அடுத்த நிறுத்தமே ரிசார்ட்ஸ் வோர்ல்ட். ரயிலுக்குக் கூட்டம் நின்றால் நான் நடைபாலத்தில் இறங்கிவிடுவேன். காலை வெயில் ஏறுவதற்குள் கடலைப் பார்த்தபடி நடந்துவிடலாம், கட்டணமும் கிடையாது. சுழலும் உருண்டைக்கு முன்னால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நாம் கதவருகில் நிற்க வேண்டும். படத்தைத் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம். உருண்டை எங்கும் போய்விடாது.

உள்ளே, முதல் அரைமணி நேரம்தான் தங்கம். பூங்கா ஒரு நீர்நிலையைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கிறது. ஹாலிவுட் வழியாக நுழைந்ததும் வலப்பக்கம் நியூயார்க், அதைத் தாண்டினால் சயன்ஸ்-ஃபிக்‌ஷன் பகுதி. டிரான்ஸ்ஃபார்மர்ஸும் இரட்டை ரோலர்கோஸ்டரும் அங்கே இருப்பதால் பாதிக் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். நான் அவற்றைக் கடந்து எகிப்துப் பகுதிக்குப் போய் முதலில் ‘மம்மி’யில் ஏறுவேன். இருட்டில் வேகமாகப் போய், நடுவில் பின்னோக்கி இழுக்கும் சவாரி அது. அதை முடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

தனியாள் வரிசை இன்னொரு ரகசியம். இரட்டை ரோலர்கோஸ்டரில் ஒரு வரிசைக்கு இரண்டு இருக்கை. மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால் ஓர் இடம் காலி. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் தனியாள் வரிசை. சேர்ந்து உட்கார வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் வெகுவாகக் குறையும். புதிதாகக் காதலிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனவர்கள் தாராளமாகப் பிரிந்து ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

வானம் சொல்வதைக் கேளுங்கள்

மின்னல் வந்தால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். நம் ஊரில் மின்னலுக்குப் பஞ்சமே இல்லை, ஏப்ரல், மேயிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியம் தாண்டினால் வானம் கறுத்துவிடும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் ஆயிரம் பேரும் கூடவே ஓடுவார்கள். முதல் இடி தொலைவில் உறுமும்போதே ‘மம்மி’ அல்லது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசைக்குள் புகுந்துவிட வேண்டும். மழை விட்டதும் வெளிப்புறச் சவாரிகள் மறுபடி ஓடத் தொடங்கும். பாதிப் பேர் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். அதுதான் நமக்கு நல்ல நேரம்.

டைனோசர் பகுதியில் வட்டப் படகு சுழன்றுகொண்டே போவதால் யார் நனைவார் என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றுக் காலுறை ஒரு ஜோடி, நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. இந்த இரண்டும் இல்லாமல் அந்தப் படகில் ஏறி, பிறகு குளிரூட்டிய அரங்கில் நடுங்கியபடி உட்கார்ந்தவள் நான்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் நாள் இரவே வீட்டுச் சுவரில் உயரம் அளந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செண்டிமீட்டர், படகுக்கு 107, மம்மிக்கு 122, இரட்டை ரோலர்கோஸ்டருக்கு 125. புறப்படுமுன் ஒருமுறை பூங்காவின் இணையத்தளத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரிசையின் வாசலில் அளவுகோல் முன் நிற்கும்போது பிள்ளைக்கு விஷயம் தெரிந்தால், அந்த அழுகையை எந்த ஐஸ்கிரீமாலும் நிறுத்த முடியாது.

அப்பாவின் பெஞ்சு

இத்தனையும் தெரிந்த தைரியத்தில்தான் 2023இல் குடும்பத்தையே அழைத்துப் போனேன். அண்ணன், அண்ணி, ஏழு வயது மருமகன், அப்பா. அம்மா வர மறுத்துவிட்டார். அப்பாவுக்கு முட்டிவலி. ஆனாலும் பேரன் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார். ஒன்பது சவாரி, எதற்கு எத்தனை மணிக்கு என்று கைப்பேசியில் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

பதினொரு மணிக்குத் திட்டத்தைவிடப் பத்து நிமிடம் முன்னால் இருந்தோம். எனக்கு ஒரே பெருமை. அப்போதுதான் அண்ணி கேட்டார், “மாமா எங்க?”

அப்பாவைக் காணோம். கைப்பேசியில் அழைத்தால் எடுக்கவில்லை. வெயில் வேறு. நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். காலையிலிருந்து அவர் தண்ணீர் குடித்தாரா, எங்காவது உட்கார்ந்தாரா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே நினைவில்லை. எந்த வரிசை எத்தனை நிமிடம் என்பது மட்டும் மனப்பாடமாக இருந்தது.

நீர்நிலையை ஒட்டி, மர நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் எல்லாருடைய பையும் பக்கத்தில் வரிசையாக இருந்தது. கைப்பேசி அதில் ஏதோ ஒரு பைக்குள். துப்புரவு வேலை பார்க்கும் ஆன்ட்டி ஒருவரோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா சொல்லாம வந்துட்டீங்க?”

“எங்கம்மா போயிடுவேன்? இது வட்டமாத்தானே சுத்துது? நீங்க எந்தப் பக்கம் போனாலும் இந்த வழியாத்தான் வந்தாகணும். நிழலும் இருக்கு. கழிவறை அந்தத் திருப்பத்துல. தண்ணி பிடிக்கிற இடம் அதுக்குப் பக்கத்துல. தம்பிக்கு இன்னும் அரைமணி நேரத்துல பசிக்கும், பன்னு வாங்கி வச்சிருக்கேன்.”

வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நான் பன்னிரண்டு வருடத்தில் கவனிக்காததை எல்லாம் கவனித்திருந்தார்.

எனக்குப் பாசிர் ரிஸ் நினைவுக்கு வந்தது. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், டௌன்டவுன் ஈஸ்ட்டில் 2000ஆம் ஆண்டில் திறந்து 2011இல் மூடப்பட்ட எஸ்கேப் பூங்கா. பக்கத்தில் இருக்கும் வைல்ட் வைல்ட் வெட் இன்றும் இருக்கிறது, எஸ்கேப்தான் இல்லை. ஆண்டிறுதி விடுமுறையில் ஒருநாள் அப்பா விடுப்பு எடுத்து எங்கள் இருவரையும் அங்கே கூட்டிப் போவார். புளிச்சாதம், தண்ணீர் போத்தல், துண்டு எல்லாம் அவர் தோளில். நாங்கள் கோ-கார்ட்டுக்கும் நீர்ச்சறுக்குப் படகுக்கும் ஓடுவோம். திரும்பி வந்தால் அப்பா ஒரு கையில் பையும் மறுகையில் துண்டுமாக நிற்பார். அவர் எதிலும் ஏறி நான் பார்த்ததில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். “நீங்க ஏன்ப்பா ஒருதடவைகூட ஏறல?”

“யாராவது பையைப் பாத்துக்கணுமே.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “ஏறுற வாசல்ல நிக்க மாட்டேன். இறங்குற வாசல்லதான் நிப்பேன். ஏறுறப்ப எல்லாரும் தைரியமாத்தான் இருப்பீங்க. இறங்குறப்ப மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியும், பயந்துட்டீங்களா, இன்னொரு தடவை போகணுமான்னு.”

அன்று திட்டத்தில் பாக்கி இருந்தவற்றை விட்டுவிட்டோம். நியூயார்க் பகுதியில் செசமி ஸ்ட்ரீட் பொம்மைகளோடு மெதுவாகப் போகும் சவாரி ஒன்று உண்டு. நான் எப்போதும் கண்டுகொள்ளாமல் கடந்து போகும் சவாரி. மருமகன் தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்தான். “பை?” என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டேன். ஐந்து பேரின் பை. அது எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது.

இறங்கும் வாசலில் போய் நின்றேன். முதலில் மருமகன் வந்தான். பின்னால் அப்பா, சுவரைப் பிடித்தபடி மெதுவாக. முகத்தைப் பார்த்தேன்.

“ரொம்ப மெதுவாப் போகுதும்மா,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வரிசை எவ்வளவு நேரம்?”

இருபத்தைந்து நிமிடம் என்று பலகையில் இருந்தது. என் கணக்குப்படி அந்தச் சவாரிக்கு அது அதிகம். “பத்து நிமிஷம்தான்ப்பா, போங்க,” என்றேன்.

இப்போதும் போகிறேன். வானத்தைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறேன். ஆனால் குடும்பத்தோடு போகும் நாளில் ஒன்பது சவாரி ஐந்தாகிவிட்டது. பையை ஒருவரே சுமக்காமல் மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்கிறோம். உள்ளே போனதும் முதல் வேலை, நிழலான ஒரு பெஞ்சைப் பார்த்து, “யார் தொலைந்தாலும் இங்கே வந்துவிட வேண்டும்” என்று எல்லாரிடமும் சொல்லிவிடுவது. அந்தப் பெஞ்சுக்கு எங்கள் வீட்டில் ‘தாத்தா ஸ்டேஷன்’ என்று பெயர்.

அடுத்த விடுமுறைக்கு நீங்கள் போவதாக இருந்தால், காலுறையும் பிளாஸ்டிக் பையும் மறக்காதீர்கள். உங்கள் வீட்டில் எப்போதும் பையோடு நிற்பவர் யார் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.