பாம், பாலைவனம், பெரியார் பஸ் ஸ்டாண்டு!

டிக்கெட் வேணாம், விசா வேணாம். ஒரு மவுஸ் இருந்தாப் போதும், 'டஸ்ட் 2' ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்! 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' ஆடின யாரையாவது நடுராத்திரியில எழுப்பி வழி கேட்டுப் பாருங்க. சொந்தத் தெருவுக்குக்கூட தப்பா வழி சொல்லலாம். இந்த ஊருக்குத் தப்பவே தப்பாது.

மணல் கலர் சுவர், வளைவு வாசல், அங்கங்கே பெரிய மரப்பெட்டிகள். வீடு இருக்கு, ஜன்னல் இருக்கு. ஆனா, ஒரு ஆளும் குடியில்லை. டீக்கடைகூட கிடையாது. ரெண்டு டீமா பத்துப் பேர் வருவாங்க. ரெண்டு, மூணு நிமிஷம் சுட்டுக்குவாங்க, சாவாங்க, அடுத்த ரவுண்டுல திரும்ப வருவாங்க. ஊரோட ஜனத்தொகையே அவ்வளவுதான்!

ஸ்கூல் பையன் கட்டின ஊர்

கட்டினவர் பிரிட்டனைச் சேர்ந்த டேவ் ஜான்ஸ்டன். 'ஹாஃப் லைஃப்' கேமை மாத்தி, மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்'கை ஆரம்பிச்ச 1999-லேயே, முதல் 'டஸ்ட்' மேப்பைப் போட்டார். அப்போ அவர் ஸ்கூல் ஸ்டூடன்ட்! அந்தச் சமயத்துல ரிலீஸே ஆகாம இருந்த 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' கேமோட படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு உருவாக்கினது. மணல் சுவர், கல் வேலைப்பாட்டுப் படங்களை வரைஞ்சு கொடுத்தவர் கிறிஸ் ஆஷ்டன். அது ஹிட் ஆனதும், 2001-ல 'டஸ்ட் 2' வந்துச்சு. தம்பி வந்து அண்ணனையே ஓரங்கட்டிட்டான்!

ஊரோட பிளான் ரொம்ப சிம்பிள். ஏறக்குறைய இங்கிலீஷ் எட்டு மாதிரி. டெரரிஸ்ட் டீம் கிளம்புற மேட்டுல இருந்து வலது பக்கம் போனா பெரிய கதவு, அதைத் தாண்டி 'லாங்'னு நீளமான ரோடு, முடிவுல 'ஏ' சைட். இடது பக்கம் இருட்டு டனல், அதுல நுழைஞ்சு வெளியே வந்தா 'பி' சைட். நடுவுல 'மிட்'. அங்கே இருந்து 'கேட்வாக்'னு ஒரு ஒத்தையடி மேடை, ஏ சைட்டுக்குக் குறுக்கு வழி. இந்த ரெண்டு சைட்ல ஏதாவது ஒண்ணுல பாம் வைக்கணும். எதிர் டீம் அதைத் தடுக்கணும், இல்லைன்னா செயலிழக்க வைக்கணும்.

மிட் கதவு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன இடுக்கு. 1.6 வெர்ஷன்ல ரவுண்டு ஆரம்பிச்ச சில செகண்டுலேயே, மேட்டுல நிக்கிற ஒருத்தன் 'ஏடபிள்யூபி' ஸ்னைப்பரால அந்த இடுக்கு வழியா எதிராளியைத் தூக்கிடலாம். கதவைக் கடக்குறது சிட்டி சிக்னல்ல ரோடு கிராஸ் பண்ற மாதிரிதான். தைரியம் பாதி, தலையெழுத்து பாதி!

மேப்ல மதுரை

எங்க ஹாஸ்டல் லேன்ல 1.6 ஓடின காலம். யார்கிட்டேயும் ஹெட்செட் மைக் கிடையாது. ரூமுக்கு ரூம் கத்துறதுதான் கம்யூனிகேஷன். "டனல்ல மூணு பேர்டா!"ன்னு கத்தினா எதிர் டீமுக்கும் கேட்கும்.

அதுக்கு வழி கண்டுபிடிச்சவன் எங்க கேப்டன். மதுரைக்காரன், தமிழ் மீடியம். க்ளாஸ்ல அட்டென்டன்ஸுக்கு மட்டும்தான் வாய் திறப்பான். செமினார்னா லீவு போட்டுடுவான். ஃபர்ஸ்ட் இயர்லதான் கம்ப்யூட்டரையே தொட்டவன். அவன் ஒருநாள் மேப்பை உத்துப் பார்த்துட்டுச் சொன்னான்... "டேய், இது எங்க ஊருடா!"

நடுவுல இருக்குற மிட், பெரியார் பஸ் ஸ்டாண்டு. இடது பக்கம் பி சைட், ஆரப்பாளையம். வலது மேல்மூலை ஏ சைட், மாட்டுத்தாவணி. நடுவுல கேட்வாக், சிம்மக்கல்! "ஆரப்பாளையத்துல மூணு டிக்கெட்"னு அவன் கத்தினா, மத்த ஊர்ப் பசங்க முழிப்பாங்க. க்ளாஸ்ல பேசாதவன் குரல், ராத்திரி பூரா காரிடார்ல கேட்கும். சீனியர்ஸே அவன் சொன்ன இடத்துல போய் நின்னாங்க.

200 டாலர் கடன்

ஃபைனல் இயர். பிளாக்குக்கு பிளாக் மேட்ச். 15-15. அடுத்த ரவுண்டு யாருக்கோ, மேட்ச் அவங்களுக்கு. கேப்டன் தன் கேம் காசுல 4,750 டாலருக்கு ஏடபிள்யூபி வாங்கி, என் முன்னால போட்டான். "பெரியாரை நீ பார்த்துக்க மச்சி."

மிட் கதவுல எட்டிப் பார்த்தேன். 'டொம்!' அஞ்சு செகண்டுகூட ஆகலை. நான் காலி!

கடைசியில அவன் மட்டும் மிச்சம். பாம் ஆரப்பாளையத்துல. எதிர்ல இருந்த ரெண்டு பேரையும் ஒத்தை ஆளா முடிச்சுட்டு ஓடினான். டிஃப்யூஸ் கிட் இருந்தா அஞ்சு செகண்டு போதும், இல்லைன்னா பத்து. கிட் விலை 200 டாலர். என் துப்பாக்கிக்குக் கொடுத்ததுல, அவன்கிட்ட அந்த 200 மிஞ்சலை. ஒரு செகண்டு பாக்கி இருக்கும்போது பாம் வெடிச்சுடுச்சு.

காரிடாரே என்னை முறைச்சுது. அவன் மட்டும், "விடு மச்சி, அடுத்த மேட்ச்ல பார்த்துக்கலாம்"னான். எக்ஸாம் வந்துச்சு, காலேஜ் முடிஞ்சுது. அடுத்த மேட்ச் வரவே இல்லை.

ஊர் திரும்பினோம்

டஸ்ட் 2-வும் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரிதான். இடிப்பாங்க, மாத்துவாங்க, திரும்பக் கட்டுவாங்க. போட்டிகளுக்கான மேப் லிஸ்ட்ல இருந்து 2017-ல தூக்கினாங்க, 2018-ல புதுசு பண்ணிச் சேர்த்தாங்க. 2022-ல மறுபடி தூக்கி, 2024-ல மறுபடி கொண்டு வந்தாங்க. 2023-ல 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2' டெஸ்ட்டுக்கு வந்தப்போ, முதல்ல திறந்துவிட்டது இந்த ஊரைத்தான்.

அதுல ஒருநாள் ஆளே இல்லாத சர்வர்ல சும்மா நடந்தேன். வெளிச்சம் புதுசு, சுவர் புதுசு. ஆனா, திருப்பம் எல்லாம் அதேதான். டனல்ல நுழைஞ்சதும் கால் தானா நின்னுச்சு. "ஆரப்பாளையம்"னு வாய்விட்டுச் சொன்னேன். உடனே அவனுக்கு போன் போட்டேன்.

இப்போ அவன் வேற நாட்டுல, வேற டைம்ல. தினமும் மீட்டிங்ல இங்கிலீஷ்லயே பேசுற வேலை. அந்த சனிக்கிழமை ராத்திரியே ரெண்டு பேரும் உள்ளே இறங்கினோம்.

ரவுண்டு ஆரம்பிச்சதும் நான் துப்பாக்கி லிஸ்ட் பக்கமே போகலை. முதல் வேலையா கிட். விலை இப்போ 400 ஆகிடுச்சு!

ஹெட்செட்ல அவன் குரல்... "என்னடா வாங்கினே?"

"கிட்."

ரெண்டு செகண்டு சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சான். "சரி, ஆரப்பாளையம் போ. பெரியாரை நான் பார்த்துக்குறேன்!"