முன்னால் பன்னிரண்டாயிரம் லிட்டர்... பின்னால் பூஜ்யம்!

"வத்தலகுண்டுலயே பெட்ரோல் போட்டுடுங்க" என்றாள் மனைவி. கேட்டேனா? டம்டம் பாறை தாண்டியதும் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. கொடுமை என்னவென்றால், அதுவரை நான் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே வந்தது ஒரு பெட்ரோல் டேங்கரை!

அதுவும் சற்றுத் தள்ளி ஓரங்கட்டி நின்றிருந்தது. வெட்கத்தை விட்டுப் போனேன்.

"அண்ணே, ரெண்டே ரெண்டு லிட்டர்..."

"உள்ள பன்னண்டாயிரம் லிட்டர் இருக்கு சார். ஆனா சீல் வச்சது. கை வச்சா வேலை போயிடும். என் வண்டிக்கே காசு குடுத்துதான் டீசல் போடறேன்."

ஏன் இப்படி ஆமை வேகம் என்று கேட்டேன். "ஒரே தொட்டியா இருந்தா ஏத்தத்துல எல்லாம் பின்னால ஓடி, வளைவுல அலையடிச்சு வண்டியையே கவுத்துடும். அதான் உள்ள அறை அறையாத் தடுத்திருக்கு. இருந்தாலும் பாத்துத்தான் போகணும்."

பி.காம். பரீட்சையில் 'கேரேஜ் இன்வர்ட்ஸ்' என்று ஒரு வரி எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்த ஒரு வரிக்குள் எத்தனை பயணம்! வளைகுடாவில் எடுத்த கச்சா எண்ணெய் கப்பலேறிச் சென்னைத் துறைமுகம் வந்து, குழாய் வழியே மணலி ஆலைக்குப் போகிறது. மணலியில் சுத்திகரிப்பு தொடங்கியது 1969-ல். (நம் நரிமணத்து எண்ணெய்க்குக் கப்பல் யோகம் இல்லை. 1993-ல் பக்கத்துப் பனங்குடியிலேயே சின்னதாக ஓர் ஆலை வந்தது.) மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரை வரை 2005-ல் இன்னொரு குழாய். ஒரே குழாயில் பெட்ரோல், டீசல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நடுவே சுவர் கிடையாது. ஒட்டுமிடத்தில் கலந்ததை மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

மதுரைக்கு மேலே கொடைக்கானலின் 7,000 அடிக்கு? லாரிதான்!

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1865-ல் வயலிலிருந்து ரயிலடிவரை முதன்முதலாக ஐந்து மைல் குழாய் போட்டபோது, பீப்பாய் சுமந்து பிழைத்த குதிரை வண்டிக்காரர்கள் அதைப் பெயர்த்தே போட்டார்களாம். துப்பாக்கிக் காவல் வைக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் டிரைவர் சிரித்தார்.

"இந்தக் கொண்டை ஊசியில எவன் சார் குழாய் போடுவான்?" சற்றுப் பொறுத்து, "போட்டா எங்க பொழப்பு?" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து மேலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. கையில் கேன்.

"டேங்கர்காரர் சொல்லி அனுப்பினாருங்க. பெட்ரோல் காசு தனி, கூலி நூறு."

பேரம் பேசாமல் கொடுத்தேன். கேரேஜ் இன்வர்ட்ஸ்!