பதினான்கு கொள்கைகளும் ஒரு பலசரக்குக் கடையும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒரு பங்கீடு நடக்கும். நல்ல மார்க்கா, ஃபர்ஸ்ட் குரூப். கொஞ்சம் கம்மியா, வேறு ஏதாவது சயின்ஸ் குரூப். அதுவும் இல்லையா, "காமர்ஸ்ல போட்டுருங்க சார்." அப்பாவும் அம்மாவும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். சி.ஏ. படிக்கணும் என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு அரசுப் பள்ளியின் வணிகவியல் வகுப்பில் "யாரெல்லாம் ஆசைப்பட்டு இந்த குரூப் எடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் பெஞ்சைத் தாண்டி ஒரு கை தூக்காது.

இப்படி வந்து சேர்கிற பிள்ளைகளுக்குத்தான் பிளஸ் டூவில் முதல் பாடமே மேலாண்மை! ஃபேயோல், டெய்லர், ட்ரக்கர் என்று வரிசையாக வருவார்கள். ஆட்களை எப்படி வேலை வாங்குவது, அதிகாரத்தை எப்படிப் பகிர்வது, இலக்கு வைத்து எப்படி நிர்வாகம் செய்வது... எல்லாம் 17 வயதில். வீட்டில் தம்பியைக்கூட வேலை வாங்க முடியாத வயது அது :-)

2019-ல் பிளஸ் டூவுக்குப் புதுப் பாடப்புத்தகம் வந்தது. புத்தகம் மாறினாலும் கற்றுக்கொடுக்கும் முறை அவ்வளவாக மாறவில்லை. "திட்டமிடுதல் என்றால் என்ன? ரெண்டு வரி. இயல்புகள்? எட்டு பாயிண்ட். அடிக்கோடு போட்டுக்கோங்க." அவ்வளவுதான் மேலாண்மை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லி, இதில் எந்தக் கொள்கை மீறப்பட்டிருக்கிறது என்று கேட்பார்கள், 20 மார்க்குக்கு ப்ராஜெக்டும் உண்டு. ஆனால் அங்கேயும் கதையில் எந்த வார்த்தை வந்தால் எந்தக் கொள்கை என்று கைடு போட்டுவிட்டார்கள். நம் ஆட்களிடமா!

சரி, விஷயத்துக்கு வருவோம். தென்காசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே ஒரு வணிகவியல் டீச்சர். எம்.காம்., பி.எட்., பதினைந்து வருஷ சர்வீஸ். எந்தக் கம்பெனியிலும் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. இதை அவரே வகுப்பில் சொல்வார். "நான் பார்த்த ஒரே மேனேஜ்மென்ட் எங்க அம்மா ரேஷன் கார்டை வச்சுக்கிட்டு ஆறு பேருக்குச் சோறு போட்டதுதான்."

ஃபேயோல் பாடத்தை அவர் குதிரையிலிருந்து ஆரம்பிப்பார். ஹென்றி ஃபேயோல் பிரான்ஸில் நிலக்கரிச் சுரங்க இன்ஜினியர். 1860-ல், 19 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். அடுத்த வருஷம் ஒரு நாள் சுரங்கத்தில் வண்டி இழுக்கும் குதிரைக்குக் கால் ஒடிந்துவிட்டது. வேறு குதிரை கேட்டு இவர் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். லாயக்காரர் தரமாட்டேன் என்கிறார். டைரக்டர் கையெழுத்து வேண்டுமாம். டைரக்டரோ ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக யார் என்று யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. லாயத்தில் குதிரை சும்மா நிற்கிறது, சுரங்கத்தில் வேலையும் நிற்கிறது.

"இப்போ சொல்லுங்க, தப்பு யாரு மேல?"

வகுப்பு ரெண்டாகப் பிரிந்துவிடும். லாயக்காரர் மேல் என்று ஒரு கட்சி. "அவரு குடுத்துட்டு, நாளைக்கு டைரக்டர் வந்து கேட்டா அவருக்குல்ல டீச்சர் வேலை போகும்?" என்று இன்னொரு கட்சி. கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவன் டைரக்டர் மேல்தான் தப்பு என்று கண்டுபிடிப்பான். அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற கொள்கையை அதற்குப் பிறகுதான் டீச்சர் போர்டில் எழுதுவார்.

இந்த ஃபேயோலைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. 1888-ல் கிட்டத்தட்ட மூழ்கிக்கொண்டிருந்த தன் கம்பெனிக்குத் தலைவராகி அதை நிமிர்த்தியவர் அவர். 1916-ல் புத்தகம் எழுதியபோது, நிர்வாகம் என்பது முதலாளிக்கு மட்டும் தேவையான வித்தை இல்லை, குடும்பம் நடத்துகிறவருக்கும் வேண்டும், அதனால் ஆரம்பப் பள்ளியில் கொஞ்சம், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், கல்லூரியில் நிறைய என்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். அதாவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு எதுக்குங்க மேனேஜ்மென்ட் என்று இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு அவர் நூறு வருஷம் முன்பே பதில் சொல்லிவிட்டார். இன்னொன்று, கொள்கைகள் 14-தான் என்று அவர் எங்கேயும் சத்தியம் பண்ணவில்லை. எண்ணிக்கைக்கு எல்லை கிடையாது, தனக்கு அதிகம் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன் என்றுதான் எழுதினார். நம் பரீட்சையில் 13 எழுதினால் மார்க் போய்விடும்.

டெய்லர் பாடம் இன்னும் சூடாகப் போனது. 1911-ல் வந்த அறிவியல்சார் மேலாண்மைப் புத்தகத்தில் டெய்லர் ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்கிறார். பெத்லஹேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளம் தூக்குகிறவர். ஒரு நாளைக்கு 12½ டன் தூக்கிக்கொண்டிருந்தவரை, எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து 47½ டன் தூக்க வைத்தாராம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. (இந்தக் கதையில் டெய்லர் கைச்சரக்கு நிறையச் சேர்த்திருக்கிறார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அது தனிக் கதை.)

டீச்சர் இந்த எண்களைப் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பும்போது கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒரு பெண் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்.

"வேலை மூணே முக்கால் மடங்குக்கு மேல கூடியிருக்கு டீச்சர். கூலி ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேல. மிச்சம் யாருக்கு?"

புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. புத்தகத்தில் இருப்பது மனப் புரட்சி, அதாவது முதலாளியும் தொழிலாளியும் லாபத்தைப் பங்கு போடச் சண்டை போடாமல் லாபத்தைப் பெருக்க ஒன்றுசேர வேண்டும் என்ற டெய்லரின் வாதம். டீச்சர் அதைச் சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். ஆனால் அவள் முகம் ஒப்புக்கொண்ட மாதிரி இல்லை. அன்றைக்கு அந்த வகுப்பில் டெய்லரை உண்மையாகவே படித்தவள் அவள் ஒருத்திதான் என்று தோன்றுகிறது.

அடுத்தது கட்டுப்படுத்துதல். தரம் வை, நடந்ததை அள, ரெண்டையும் ஒப்பிடு, வித்தியாசத்தைக் கண்டுபிடி, சரி செய். இதை மனப்பாடம் செய்ய பத்து நிமிஷம் போதும். டீச்சர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

பள்ளி விளையாட்டு விழாவில் வகுப்பே சேர்ந்து ஒரு கடை போட்டது. 32 பேர், ஆளுக்கு 50 ரூபாய், முதல் 1,600. எலுமிச்சை ஜூஸும் சுண்டலும். ரெண்டும் பத்து ரூபாய். வாங்க ஒரு குழு, செய்ய ஒரு குழு, விற்க ஒரு குழு, கணக்குக்கு ரெண்டு பேர். திட்டம் எல்லாம் சார்ட் பேப்பரில் அழகாக ஸ்கெட்ச் பேனாவில். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஜூஸ் 870, சுண்டல் 600, மொத்தம் 1,470. வாங்கின சரக்கு எல்லாம் காலி. 130 ரூபாய் நஷ்டம்.

பழி போடும் படலம் ஆரம்பமானது. வெயில் இல்லை, எலுமிச்சை விலை ஜாஸ்தி, பக்கத்தில் பி.டி. சார் ஐஸ் வண்டியை உள்ளே விட்டுவிட்டார்... டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். "கப் எத்தனை வாங்குனீங்க?" 150. "எத்தனை மிச்சம்?" எண்ணினார்கள். 20. அப்படியானால் 130 கப் போயிருக்கிறது. காசு வந்தது 87 கப்புக்கு. மீதி 43 கப்?

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. "கபடி டீம்லாம் ஓசியில குடிச்சாங்க டீச்சர்." "என் ஃப்ரெண்டுக்கு ரெண்டு குடுத்தேன்." "நானே மூணு குடிச்சேன்." 43 கப், 430 ரூபாய். அது வந்திருந்தால் 300 ரூபாய் லாபம். கப்பை எண்ணினால் ஜூஸை அளந்த மாதிரி என்பது பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. சினிமா தியேட்டர் டிக்கெட் கட்டையிலிருந்து பஸ் கண்டக்டர் பை வரைக்கும் நடப்பது இதுதான்.

இதெல்லாம் புதுசு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பு 1919-லிருந்தே பிள்ளைகளைச் சின்னக் கம்பெனி நடத்த வைத்துப் பார்க்கிறது. 2021-ல் தில்லி அரசுப் பள்ளிகளில் பிசினஸ் பிளாஸ்டர்ஸ் என்று தொடங்கி, 11, 12-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொழில் செய்து பார்க்க ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை என்று நோட்டு, பேனா விற்கும் கடை உண்டு. அதன் கணக்கைக் காமர்ஸ் பிள்ளைகளிடம் கொடுத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். யாரும் கொடுப்பதில்லை.

மூன்று வாரம் போனதற்கு விலை இல்லாமலா? அரையாண்டுக்குள் போர்ஷன் முடியவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருந்து கேட்பது ஒரே ஒரு எண்ணைத்தான், தேர்ச்சி சதவீதம். டீச்சருக்கும் அது தெரியும். அந்த 32 பேரில் ஏழெட்டுப் பேர் 35 மார்க் என்ற கோட்டின் மேலேயும் கீழேயும் ஆடிக்கொண்டிருப்பவர்கள். அதில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தாயிற்று. பாஸ் ஆனால் காலேஜ், இல்லாவிட்டால் கல்யாணம் என்று பேச்சு. அவளுக்கு வேண்டியது 43 கப் கணக்கு அல்ல, மேலாண்மையின் எட்டு இயல்புகள், வரிசை மாறாமல். மனப்பாடத்தைக் கேலி செய்வது சுலபம். முதல் பெஞ்சுக்காரர்கள்தான் அதிகம் செய்வார்கள். கரையில் நிற்பவளுக்கு அந்த எட்டு பாயிண்ட்தான் தோணி. டீச்சர் ஜனவரியிலிருந்து காலை எட்டரைக்கே வந்து அந்த ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னார். காலையில் ஒப்பித்தல், மதியம் விவாதம். ரெண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டியிருக்கிறது, அதுதான் கொடுமை.

அந்த மதிய வகுப்பு ஒன்றில்தான் ஆணை ஒருமை வந்தது. ஒரு பணியாளருக்கு ஒரே மேலாளரிடமிருந்துதான் உத்தரவு வர வேண்டும் என்ற கொள்கை. டீச்சர் எழுதி முடிப்பதற்குள் ஒரு பையன் எழுந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர்கள் குடும்பத்துப் பலசரக்குக் கடை. காலையில் ஆறு மணிக்குக் கடை திறந்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவான்.

"டீச்சர், எங்க கடையில அப்பா ஒண்ணு சொல்லுவாங்க, பெரியப்பா ஒண்ணு சொல்லுவாங்க. அந்தத் தெருக்காரங்களுக்குக் கடன் குடுக்காதன்னு அப்பா. குடுல, நம்ம ஆளுங்கதாம்னு பெரியப்பா. நான் என்ன செய்ய?"

"நீ இப்ப என்ன செய்யுத?"

"பெரியப்பா இருந்தா குடுப்பேன். அப்பா இருந்தா குடுக்க மாட்டேன்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஃபேயோல் ஒரே வரியில் முடித்துவிடுவார், ரெண்டு முதலாளி கூடாது. பெரியப்பாவிடம் அதைப் போய்ச் சொல்ல முடியுமா? கடை தாத்தா ஆரம்பித்தது. பெரியப்பாதான் மூத்தவர். அப்பாதான் சரக்கு எடுக்க அலைகிறவர். பிரான்ஸ் சுரங்கத்தில் கம்பெனி ஒருவரை நியமிக்கலாம், வேண்டாமென்றால் நீக்கலாம். பெரியப்பாவை யார் நீக்குவது? பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. நம் ஊரில் பாதிக் கடைகள் இந்த இடத்தில்தான் நிற்கின்றன, உடைகின்றன, கோர்ட்டுக்குப் போகின்றன.

"பரீட்சையில ஆணை ஒருமைன்னு எழுது. கடைக்கு வேலைப் பகிர்வுன்னு ஒண்ணு இருக்குல்லா, அத யோசிச்சுப் பாரு," என்றார் டீச்சர்.

ஒரு வாரம் கழித்துப் பையன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். பாக்கி நோட்டிலிருந்து ஆறு மாசக் கணக்கை எடுத்து எழுதியிருந்தான். பெரியப்பா சொல்லிக் கொடுத்த கடனில் எவ்வளவு திரும்பி வந்தது, அப்பா சொல்லிக் கொடுத்ததில் எவ்வளவு வந்தது என்று தனித்தனியாக. அவன் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. பெரியப்பாவின் ஆட்கள்தான் ஒழுங்காகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். அப்பா நம்பிக் கொடுத்த ரெண்டு ஹோட்டல்களில்தான் பாக்கி நின்றது. ஆகவே கடன் கொடுப்பது, வசூலிப்பது பெரியப்பா பொறுப்பு, சரக்கு எடுப்பது, விலை வைப்பது அப்பா பொறுப்பு, ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் தலையிடக் கூடாது என்று எழுதி, கீழே கோடு போட்டு வைத்திருந்தான்.

"அப்பாகிட்ட காட்டுனியா?"

"இல்ல டீச்சர். பெரியப்பாகிட்டதான் முதல்ல காட்டுனேன்."

"என்ன சொன்னாங்க?"

"உங்கப்பன்ட்ட நீயே சொல்லாத, நான் சொல்லிக்கிடுதேன்னாங்க. அப்புறம் இந்த டீச்சர் யாருலன்னு கேட்டாங்க. திங்கக்கிழமை கடைய அடைச்சிட்டு வாராங்களாம், உங்களப் பார்க்க."