ஆற்றுக்கு எந்தப் பக்கம்?

2022 அக்டோபரில் போர்ட்லாந்து வீட்டுக்குத் தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. ஓரிகன் மாநிலத்தில் வீட்டிலேயே குறித்து, உறைமேல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். குடியுரிமை பெற்றபின் எனக்கு வந்த முதல் சீட்டு அது. வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தவன் ஒரு பதவியில் நின்றுவிட்டேன்: மாநிலத் தொழிலாளர் ஆணையர். ஓசூரை அடுத்த என் ஊர் மத்திகிரியில் நாங்கள் 'லேபர் கமிஷனர்' என்று சொன்ன பதவி. அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலங்கள் அமெரிக்காவில் நான்குதான்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. 1990களின் கடைசியில், ஓசூரில் அவர் பதினாறு வருஷம் லேத் ஓட்டிய பட்டறையை ஒரு காலையில் பூட்டிவிட்டார்கள். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி தரவேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளி தரவில்லை. அப்பா டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா லேபர் ஆபீசுக்குப் போனார். கையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே சம்பளச் சீட்டுகள், ஈஎஸ்ஐ அட்டை, பிஎஃப் சீட்டு. "சீட்டு இல்லாதவனுக்குச் சாட்சி இல்லடா" என்பார். ஒன்றரை வருஷம் கழித்துப் பணம் வந்தது. அம்மா அதில் ஒரு கறவை மாடு வாங்கினாள். 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இருக்கும் ஊரில், மாடுதான் எங்களுக்குத் தெரிந்த சேமிப்பு.

கூட்ரோட்டு டீக்கடையில் பெரிய கம்பெனித் தொழிலாளர்கள் பேசிய பேச்சு வேறு. "12(3) போட்டாச்சா?" என்பதுதான் கேள்வி. அன்றைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவில், சமரச அதிகாரி முன்னால் போடும் ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாத தொழிலாளியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். இரு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம், கையெழுத்திட்டவர்களோடு நின்றுவிடும். ஒரு அரசு அதிகாரி நடுவில் உட்காருவதால் வரும் வித்தியாசம் அது.

சென்னை மாகாணத்தில் 1920இல் லேபர் கமிஷனர் பதவி வந்தபோது ஆணையரின் பொறுப்பு ஆலையோடு முடியவில்லை. ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு வீட்டுமனை, நிலம், பள்ளிக்கூடம் தேடித் தருவதும் அவர் வேலை. யாருக்கு யாரும் இல்லையோ அவர்களுக்காக ஒரு அதிகாரி என்ற எண்ணம் அந்த நாற்காலியின் வேரிலேயே இருந்தது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஓரிகனின் தொழிலாளர் துறை 1903இல் பிறந்தது. போர்ட்லாந்தில் ஒரு சலவை நிலையம் ஒரு பெண்ணைப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கிய வழக்கில், மாநிலத்தின் நேரக் கட்டுப்பாடு செல்லும் என்று 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைய ஆணையர் சம்பளப் பாக்கி, வேலையிடப் பாகுபாடு, தொழில் பழகுநர் பயிற்சி ஆகியவற்றைப் பார்க்கிறார். தனியார் நிறுவனத்தில் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு என்றால் அது மத்திய அரசின் வாரியத்துக்குப் போய்விடும். 12(3) மேசை இங்கே அவரிடம் இல்லை. ஊரிலோ அந்த மேசை உண்டு, அதிகாரியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இல்லை. ஓரிகனில் அந்த 2022 தேர்தலில் கிறிஸ்டினா ஸ்டீவன்சன் ஜெயித்து, 2023 ஜனவரியில் ஆணையராகப் பொறுப்பேற்றார்.

அதன் பிறகு ஒருநாள், உணவகத்தில் வேலை பார்த்த நம்மூர்ப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, ரெண்டு மாசச் சம்பளம் நிக்குது. வேலையிலிருந்தும் எடுத்துட்டாங்க" என்றான். நீக்கப்பட்டவருக்கு அடுத்த வேலைநாள் முடிவதற்குள் முழுப் பாக்கியும் தரவேண்டும் என்பது ஓரிகன் சட்டம். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் கேட்டேன்: "ஆத்துக்கு எந்தப் பக்கம் வேலை பார்த்தே?"

கொலம்பியா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வான்கூவர். அது வாஷிங்டன் மாநிலம். வேறு துறை, வேறு படிவம், வேறு குறைந்தபட்சக் கூலி. மத்திகிரியில் வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. எங்கள் தெருவில் இருந்துகொண்டு, மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வேலை பார்த்த ஒருவர், எங்கள் லேபர் ஆபீசில் பாதி நாள் காத்திருந்துவிட்டு, "இது கர்நாடகா கேஸ்" என்று கேட்டுத் திரும்பினார். பிறகு பெங்களூரு பன்னேர்கட்டா சாலையில் தொழிலாளர் துறை இருக்கும் கார்மிக பவனுக்கு அலைந்தார். கன்னடம் தெரிந்தும், எந்த வாசல் என்று தெரியாததால் அவருக்கு ஒரு மாதம் போனது.

பையன் இரண்டு கரையிலும் இருந்த கிளைகளில் மாறி மாறி வேலை செய்திருந்தான். சம்பளச் சீட்டு ஒன்றும் இல்லை. ஆனால் அவன் அம்மா அனுப்பிய தினசரி காலண்டரைக் கொண்டுவந்திருந்தான். தாள்களின் ஓரத்தில் வந்த நேரம், போன நேரம். தொழிலாளி தானே எழுதிய குறிப்பும் இங்கே சாட்சியாகும். தாள்களைத் தரையில் பரப்பி, நினைவு கூட்டிக் கூட்டி இரண்டு கரைக்கும் பிரித்தோம். இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனியாக மனு எழுதினோம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. ஓரிகன் கரைப் பணம் முதலில் வந்தது. மற்றது வர மழைக்காலம் முடிந்தது.

இப்போது பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரும் புதியவர்களுக்குக் காலண்டர் கொடுக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் மூன்று விஷயம் எழுதச் சொல்கிறேன்: வந்த நேரம், போன நேரம், ஆற்றுக்கு எந்தப் பக்கம்.